நான் நியூஜெர்சியில், எழுதியவர் டெக்சாஸில்: அவதூறு வழக்கை எங்கே போடுவது?

தாமிரபரணி:

வணக்கம். பத்து மாதமாக மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன். சட்டம் தெரிந்தவர்களும், இதே பாதையில் போய் வந்தவர்களும் வழி சொல்லுங்கள்.

நான் நியூஜெர்சியில் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். புடவை கட்டிவிடுவது, ஜடை தைப்பது எல்லாம் சேர்த்துத்தான். டாலஸ் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள், போனேன். முகூர்த்தம் முடிந்து நான் விமானம் ஏறிய பிறகு பெண்ணின் அட்டிகையைக் காணவில்லையாம். மறுநாள் காலை பெண்ணின் அண்ணன், அமெரிக்கத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஒரு ஃபேஸ்புக் குழுவில் என் பெயர், படம், தொழில் பக்கம் எல்லாவற்றையும் போட்டு, "இந்தம்மா நகையைத் திருடிக்கொண்டு போய்விட்டார், நியூஜெர்சி மக்களே, இவரை வீட்டுக்குள் விடாதீர்கள்" என்று எழுதிவிட்டார். போலீஸில் புகார்கூடக் கொடுக்கவில்லை. நான்கு மாதம் கழித்து அதையே யூடியூபில் பத்து நிமிட வீடியோவாகவும் போட்டார்.

அந்த மாதமே மூன்று கல்யாணம் கைவிட்டுப் போனது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வருடா வருடம் கொலுவுக்குக் கூப்பிடும் வீட்டில் இந்த முறை கூப்பிடவில்லை. அன்றைக்குத்தான் வழக்குப் போடுவது என்று முடிவு செய்தேன்.

அவர் டெக்சாஸை விட்டு அசையப் போவதில்லை. எனக்கு அங்கே போய் வழக்கு நடத்தத் தெம்பில்லை. என் வீட்டுப் பக்கத்து நீதிமன்றத்திலேயே போட முடியுமா?

சுடர்விழி:

அக்கா, படிக்கும்போதே வயிறு எரிகிறது. தாராளமாக நியூஜெர்சியிலேயே போடுங்கள். அடி விழுந்தது உங்கள் ஊரில். இணையத்தில் எழுதினால் எல்லா மாநிலத்திலும் எழுதிய மாதிரிதானே? நியூஜெர்சி மக்களே என்று அவரே கூப்பிட்டிருக்கிறார். அவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும், நீங்கள் ஏன் போக வேண்டும்?

ஆலமரத்தடி:

நான் பென்சில்வேனியாவிலும் நியூஜெர்சியிலும் வழக்கறிஞராக இருக்கிறேன். சுடர்விழி சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

எங்கே காயம் பட்டது என்று மட்டும் நீதிமன்றம் பார்க்காது. வேறு மாநிலத்தில் இருக்கும் அந்த ஆளைத் தன் முன்னால் நிறுத்த இந்த மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இதன் வேர் 1984இல் ஒரே நாளில் வந்த இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருக்கிறது. கால்டர் எதிர் ஜோன்ஸ் வழக்கில், கலிபோர்னியாவில் வாழ்ந்த நடிகை ஷெர்லி ஜோன்ஸைப் பற்றி புளோரிடாவில் உட்கார்ந்து நேஷனல் என்குவயரர் பத்திரிகைக்கு எழுதியவர்களைக் கலிபோர்னியாவிலேயே நிறுத்தலாம் என்றார்கள். கட்டுரை கலிபோர்னியாவில் அவர் செய்த வேலையைப் பற்றியது, தகவல் திரட்டியது அங்கிருந்து, பத்திரிகை அதிகம் விற்றதும் அங்கேதான். இதைப் படிப்பவர்களுக்கு, 'வாதி இருக்கும் ஊரிலேயே போடலாம்' என்று தோன்றிவிடும்.

அப்படி இல்லை என்பதை 2014இல் வால்டன் எதிர் ஃபியோரே வழக்கில் ஒருமனதாகச் சொன்னார்கள். அது அவதூறு வழக்கு இல்லை, அட்லாண்டா விமான நிலையத்தில் சூதாட்டக்காரர்களிடம் பணத்தைப் பறிமுதல் செய்த வழக்கு. அவர்கள் நெவாடாவில் வழக்குப் போட்டார்கள். வாதி நெவாடாவில் இருக்கிறார் என்பது மட்டும் போதாது, பிரதிவாதிக்கும் அந்த மாநிலத்துக்கும் அவரே உண்டாக்கிய தொடர்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது இணைய அவதூறு வழக்கு எது வந்தாலும் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வீசுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

இணைய வழக்குகளிலும் அதே போக்குதான். ரெவெல் எதிர் லிடோவ், 2002. டெக்சாஸில் குடியிருந்த முன்னாள் எஃப்பிஐ அதிகாரியைப் பற்றி மாசசூசெட்ஸ்காரர் ஒருவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இணையப் பலகையில் எழுதினார். எழுத்தில் டெக்சாஸ் பற்றி ஒரு வரியும் இல்லை, டெக்சாஸ் வாசகர்களைக் குறிவைக்கவும் இல்லை. டெக்சாஸில் நடத்த முடியாது என்று, அந்தப் பகுதிக்கான மத்திய அரசு மேல்முறையீட்டு நீதிமன்றமான ஐந்தாவது வட்டம் சொன்னது. 2015இல் கலிபோர்னியாவில் பர்டிக் வழக்கு முழுக்க ஃபேஸ்புக்கைப் பற்றியது. இல்லினாய்க்காரர் தன் பக்கத்தில் கலிபோர்னியாக்காரர்களைப் பற்றி எழுதினார். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்து எழுதியது மட்டும் போதாது, அந்தப் பதிவு கலிபோர்னியாவை நோக்கிக் குறிவைத்ததா என்று காட்ட வேண்டும் என்றார்கள்.

ஆனால் தாமிரபரணி, உங்கள் கையில் ஒரு நல்ல சீட்டு இருக்கிறது. "நியூஜெர்சி மக்களே" என்ற அந்த இரண்டு சொல். 2007இல் கோல்ட்ஹேபர் எதிர் கோலன்பர்க் என்று நியூஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. கலிபோர்னியாக்காரர் இணையக் குழுவில் நியூஜெர்சித் தம்பதியை ஏசினார். சும்மா ஏசவில்லை, அவர்கள் ஊரையும் ஊர்ப் போலீஸையும் அக்கம்பக்கத்தாரையும் இழுத்து எழுதினார். இது நியூஜெர்சியைக் குறிவைத்ததுதான், இங்கே வழக்கு நடக்கலாம் என்றார்கள். ஏழாவது வட்டத்தில் 2010இல் டம்புரோ எதிர் டுவார்கின் வழக்கும் உங்களுக்குத் துணை. நாய் வம்சாவளி மென்பொருள் செய்தவரைப் புறக்கணியுங்கள் என்று வெளிமாநிலத்தார் எழுதினார்கள், சிலர் அவருடைய இல்லினாய் முகவரியையும் போட்டார்கள். இல்லினாயில் நடத்தலாம் என்று வந்தது.

எனவே கதவு மூடவில்லை. ஆனால் அதைத் திறந்துதான் தீருவேன் என்று இறங்குவதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பதிவு வந்த சரியான தேதி என்ன? உங்கள் இருவரின் குடியுரிமை என்ன?

குமரேசன்_ஒஹாயோ:

அக்கா, வக்கீல் ஐயா கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன் என் கதையைக் கேட்டுவிடுங்கள். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் உங்களுக்கு உதவும்.

நான் ஒஹாயோவில் இருக்கிறேன். ஜார்ஜியாவில் இருந்த ஒருவர், நான் சங்கக் கணக்கில் கை வைத்தேன் என்று எழுதிப் பரப்பினார். நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். என் மாநிலத்தில் போட்டேன். அவர் வரவே இல்லை, பதில் மனுவும் போடவில்லை. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. தீர்ப்புத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான்.

அப்புறம் பணத்தை வசூல் செய்ய அந்தத் தீர்ப்பை ஜார்ஜியாவுக்குக் கொண்டுபோனேன். அவர் அங்கே வக்கீலோடு வந்தார். எழுப்பியது ஒரே கேள்வி: என் மீது ஒஹாயோவுக்கு என்ன அதிகாரம்? என் பக்கத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் ஒஹாயோவைப் பற்றி ஒரு சொல் எழுதியதில்லை, அங்கே கால் வைத்ததும் இல்லை. தீர்ப்பு செல்லாது என்று ஜார்ஜியா நீதிமன்றம் தள்ளிவிட்டது. சரி, இப்போது ஜார்ஜியாவிலேயே புதிதாகப் போடலாம் என்று கேட்டால், எழுத்து அவதூறுக்கு வழக்குப் போடும் காலவரம்பு ஒஹாயோவிலும் ஒரு வருடம், ஜார்ஜியாவிலும் ஒரு வருடம். அந்த வருடம் எப்போதோ முடிந்திருந்தது.

ஒரு மாநிலத் தீர்ப்பை மற்ற மாநிலங்கள் மதிக்க வேண்டும் என்பது அரசியல் சாசனத்தில் இருக்கிறது என்று நானும் படித்தவன்தான். அதிகாரம் இல்லாத நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்கு அந்த மரியாதை கிடையாது என்பதை அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நெல்லைத்தம்பி:

ஒரு சந்தேகம். ஜானி டெப், ஆம்பர் ஹெர்ட் இருவரும் கலிபோர்னியாக்காரர்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வழக்கு நடந்ததோ வர்ஜீனியாவில். அப்படியென்றால் பிடித்த மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்றுதானே அர்த்தம்? தாமிரபரணி அக்காவுக்கும் அப்படி ஒரு மாநிலம் பார்க்கக் கூடாதா?

ஆலமரத்தடி:

தம்பி நல்ல கேள்வி கேட்டீர்கள். 2018 டிசம்பரில் ஹெர்ட்டின் கட்டுரை வாஷிங்டன் போஸ்ட்டில் வந்தது. அந்தப் பத்திரிகை அச்சானதும், அதன் இணையப் பதிப்பு இருந்த சர்வர்களும் வர்ஜீனியாவில். அந்தப் பிடியை வைத்துத்தான் 2019 மார்ச்சில் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் வழக்குப் போட்டார்கள். இது கலிபோர்னியாவில் நடக்க வேண்டியது, இங்கே தள்ளுபடி செய்யுங்கள் என்று ஹெர்ட் தரப்பு கேட்டது, நீதிமன்றம் ஏற்கவில்லை. டெப் தரப்பு ஏன் அங்கே போனது? கலிபோர்னியாவில் ஆன்டி-ஸ்லாப் சட்டம் பலமானது. பேச்சுரிமையை மிரட்டும் வழக்கு என்று காட்டி ஆரம்பத்திலேயே வழக்கை உடைக்கலாம், உடைந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் செலவையும் வாதி கட்ட வேண்டும். வர்ஜீனியாவில் அப்போது அப்படி ஆரம்பத்திலேயே முடிக்கும் வேகமான வழி இல்லை. வழக்கு ஜூரி வரை போனது. 2022 ஜூனில் டெப்புக்கு ஒரு கோடி டாலர் இழப்பீடும், எதிர்த்தரப்பைத் தண்டிப்பதற்காக அதற்கு மேல் ஐம்பது லட்சம் தண்டனைத் தொகையும் கொடுத்தார்கள். வர்ஜீனியா சட்ட உச்சவரம்பால் தண்டனைத் தொகை 3,50,000 டாலராகக் குறைந்தது.

அதைவிடப் பழைய உதாரணம் நான் சொன்ன 1984 ஜோடியில் இன்னொன்று, கீட்டன் எதிர் ஹஸ்லர் பத்திரிகை. நியூயார்க்கில் இருந்த கீட்டன் முதலில் ஒஹாயோவில் போட்டார், காலவரம்பு தாண்டியதால் தள்ளுபடி. அப்போது ஆறு வருடக் காலவரம்பு வைத்திருந்த நியூஹாம்ப்ஷயருக்குப் போனார். வேறு எந்த மாநிலத்திலும் காலம் மிச்சமில்லை. பத்திரிகை அங்கே மாதம் பத்து, பதினைந்தாயிரம் பிரதி விற்றுக்கொண்டிருந்ததால் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

இரண்டையும் கவனியுங்கள். ஒன்றில் பத்திரிகை அச்சாகும் இடம், இன்னொன்றில் மாதாமாதம் விற்கும் சந்தை. ஒரு தனி மனிதர் தன் சோபாவில் உட்கார்ந்து ஃபேஸ்புக்கில் தட்டியதற்கு அப்படி ஒரு மூன்றாவது மாநிலம் எங்கே கிடைக்கும்? சர்வர் ஏதோ ஒரு மாநிலத்தில் இருக்கிறது என்பதை வைத்து அங்கே போய் நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்களுக்கு உண்மையில் இருப்பது இரண்டே மாநிலம், அக்கா. உங்களுடையது, அவருடையது.

தாமிரபரணி:

எல்லோருக்கும் நன்றி. குமரேசன் தம்பி, உங்கள் அனுபவத்தைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. நல்லவேளை சொன்னீர்கள்.

பதிவு வந்து இன்றோடு பத்து மாதம் நான்கு நாள். வீடியோ வந்து ஆறு மாதம். நான் கிரீன் கார்டில் இருக்கிறேன், பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தான். அவர் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார்.

முதல் பதிவில் எழுத மனம் வராத ஒன்று. கல்யாணமாகி இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணே எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள்: "அக்கா மன்னிச்சிருங்க, அட்டிகை என் பெட்டியோட உள் பையிலேயே இருந்துச்சு, அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்." அதற்குப் பிறகும் அவர் பதிவை எடுக்கவில்லை. அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நான் யாரிடமும் இதைக் காட்டவில்லை.

ஆலமரத்தடி:

அம்மா, இதை ஏன் இத்தனை நாள் மறைத்தீர்கள்! அட்டிகை கிடைத்தது இரண்டாவது மாதம். அண்ணனுக்குத் தெரியும். வீடியோ வந்தது நான்காவது மாதம். பொய் என்று தெரிந்தே பேசியிருக்கிறார். முதல் பதிவைக் கோபத்தில் அவசரப்பட்டு எழுதியது என்று அவர் வாதாட இடம் இருக்கிறது. வீடியோவுக்கு அந்த இடம் இல்லை. வீடியோ தனி வெளியீடு, அதற்குத் தனியாக ஒரு வருடம் ஓடும். முதல் பதிவுக்கு இரண்டு மாதத்துக்கும் குறைவு. நியூஜெர்சி ஒரு வருடம், டெக்சாஸும் ஒரு வருடம். யாராவது பதிவை மறுபடி படித்தாலோ, அது இன்னும் அங்கேயே இருந்தாலோ கடிகாரம் மறுபடி தொடங்காது. வெளியான நாளிலிருந்துதான் கணக்கு.

இனி குடியுரிமை ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். நியூஜெர்சியிலேயே ஃபெடரல், அதாவது மத்திய அரசு நீதிமன்றத்தில் போட முடிந்தால் ஒரு பாதுகாப்பு கிடைத்திருக்கும். அங்கே நீதிபதி "இந்த ஆள் மீது எனக்கு அதிகாரம் இல்லை" என்று முடிவு செய்தாலும், தள்ளுபடி செய்யாமல் டெக்சாஸ் ஃபெடரல் நீதிமன்றத்துக்கு வழக்கை மாற்றி அனுப்பலாம். நாள் தவறாது. மாநில நீதிமன்றத்துக்கு அந்த வசதி கிடையாது, நியூஜெர்சி நீதிபதி ஒரு வழக்கை டெக்சாஸ் மாநில நீதிமன்றத்துக்குத் தள்ளிவிட முடியாது. தள்ளுபடிதான்.

ஆனால் ஃபெடரல் கதவு திறக்க இரண்டு நிபந்தனை. கோரும் தொகை 75,000 டாலருக்கு மேல் இருக்க வேண்டும். இரு தரப்பும் வெவ்வேறு மாநிலக் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் அமெரிக்கக் குடிமகன், மற்றவர் வெளிநாட்டவர் என்று இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வெளிநாட்டுக் குடிமக்கள் மட்டுமே என்றால் கதவு மூடிவிடும். கிரீன் கார்டு வைத்திருந்தாலும் இந்தக் கணக்கில் நீங்கள் வெளிநாட்டவர்தான். நம் ஆட்களுக்குள் நடக்கும் தகராறுகளில் இதைக் கவனிக்காமல் ஃபெடரலில் போட்டு, மாதங்கள் கழித்துத் தள்ளுபடி வாங்கிய வழக்குகளை நானே பார்த்திருக்கிறேன்.

எனவே உங்களுக்கு மாநில நீதிமன்றம்தான். அதில் நியூஜெர்சி என்றால் கோல்ட்ஹேபரை நம்பி ஒரு சண்டை. எதிர்த்தரப்பு சொல்லப்போவதும் தெரியும்: கல்யாணம் நடந்தது டெக்சாஸில், நகை காணாமல் போனது டெக்சாஸில், சாட்சிகள் டெக்சாஸில், குழு அமெரிக்கா முழுவதற்குமானது. ரோஜர் கிளெமன்ஸ் எதிர் மெக்னமி என்று 2010இல் ஒரு வழக்கு. பேஸ்பால் வீரர் கிளெமன்ஸ் டெக்சாஸ்காரர், பேசப்பட்ட சம்பவங்கள் நியூயார்க்கிலும் கனடாவிலும் நடந்தவை. டெக்சாஸில் நடத்த முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். உங்கள் வழக்கை அதன் கண்ணாடிப் பிம்பம் என்று அவர்கள் சொல்வார்கள். நீங்கள் ஜெயிக்கலாம். ஆனால் அந்தச் சண்டை முடிவதற்குள் இரண்டு மாதம் போய்விடும், தோற்றால் முதல் பதிவுக்கான வழக்கே போய்விடும் ஆபத்து இருக்கிறது.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: டெக்சாஸில் போடுங்கள். அவர் குடியிருக்கும் மாநிலத்தில் அவர் மீது அதிகாரம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவே முடியாது.

சுடர்விழி:

ஐயா, நான் முதலில் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. டெக்சாஸிலும் அந்த ஆன்டி-ஸ்லாப் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அக்காவை அங்கே அனுப்பி அவர் வக்கீல் செலவையும் அக்கா தலையில் கட்டிவிடப் போகிறார்களே?

வேப்பம்பூ:

நான் டாலஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பாராலீகலாக, அதாவது வக்கீலின் சட்ட உதவியாளராகப் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். சுடர்விழி கேட்டது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி.

ஆமாம், டெக்சாஸில் 2011 முதல் அந்தச் சட்டம் இருக்கிறது. வாடிக்கையாளர் புகாரும் விமர்சனமும் அதன் பாதுகாப்புக்குள் வரும் என்று 2019இல் தெளிவாகவே சேர்த்துவிட்டார்கள். சம்மன் கிடைத்து 60 நாளுக்குள், வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்டு அவர் மனுப் போடலாம். போட்டதும் மற்ற விசாரணை எல்லாம் நின்றுவிடும். வழக்கின் ஒவ்வொரு அம்சத்துக்கும் தெளிவான, குறிப்பான சான்றை அக்கா அந்தக் கட்டத்திலேயே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வழக்கு தள்ளுபடியாகும், அவருடைய வக்கீல் செலவும் அக்கா தலையில் விழும். ஆனால் நியூஜெர்சிக்குப் போனாலும் இதிலிருந்து தப்பிக்க முடியாது. அங்கேயும் 2023 அக்டோபர் முதல் அதே மாதிரிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எனவே இந்தப் பயத்தை வைத்து மாநிலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சான்றை முதலிலேயே கட்டி வைத்துக்கொண்டு போங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தி, ரத்தான மூன்று கல்யாணங்களின் முன்பதிவு, ரத்துச் செய்தவர்கள் காரணம் சொன்ன செய்திகள், பதிவின் தேதியோடு கூடிய திரைப்பிடிப்புகள். "வேலை சுத்தமில்லை" என்று அவர் எழுதியிருந்தால் அது கருத்து, விட்டுவிடுங்கள். "திருடினார்" என்பது மெய்யா பொய்யா என்று சோதிக்கக்கூடிய கூற்று. அதை மட்டும் பிடியுங்கள்.

அடுத்தது, டெக்சாஸுக்கே உரிய ஒரு விஷயம். வெளிமாநிலத்தார் தவறவிடுவது இதைத்தான். 2013 முதல் இங்கே அவதூறுத் தணிப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. திருத்தவோ திரும்பப் பெறவோ கேட்டு நீங்கள் எழுத்தில் கடிதம் கொடுத்திருக்க வேண்டும். கையெழுத்து வேண்டும், எந்த வாசகம் பொய், எங்கே எப்போது வந்தது, ஏன் அவதூறு என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். காலவரம்புக்குள் கொடுத்தால் வழக்கை நடத்தலாம். ஆனால் உங்களுக்குத் தெரிந்து 90 நாளுக்குள் கொடுக்காததால் தண்டனைத் தொகை கேட்கும் உரிமை போய்விட்டது. சொல்லவே வருத்தமாக இருக்கிறது. மீதியையாவது விடாதீர்கள், இந்த வாரமே கடிதம் போகட்டும்.

இன்னொன்று, யாராவது "ஜஸ்டிஸ் கோர்ட்டில் சின்ன வழக்காகப் போடு, வக்கீலே வேண்டாம்" என்று சொன்னால் கேட்காதீர்கள். டெக்சாஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டுகளுக்கு அவதூறு வழக்கை விசாரிக்கவே அதிகாரம் கிடையாது. அவர் குடியிருக்கும் கவுண்டியின் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போங்கள்.

குமரேசன்_ஒஹாயோ:

வேப்பம்பூ, டெக்சாஸில் ஜெயித்தால் பணம் வருமா?

வேப்பம்பூ:

நேர்மையாகச் சொல்கிறேன், அது தனிப் போராட்டம். டெக்சாஸில் குடியிருக்கும் வீட்டை இந்த மாதிரிக் கடனுக்காகப் பெரும்பாலும் தொட முடியாது. சம்பளத்தையும் பிடிக்க முடியாது, குழந்தைப் பராமரிப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான் பிடிப்பார்கள். வங்கிக் கணக்கு, இரண்டாவது வீடு, முதலீடு என்று தேட வேண்டும். அவர் வீட்டுக் காப்பீட்டோடு, அதற்கு மேல் கூடுதல் பாதுகாப்புத் தரும் குடைக் காப்பீடு (umbrella policy) வைத்திருக்கிறாரா என்று வக்கீலிடம் கேட்கச் சொல்லுங்கள், பல குடைக் காப்பீடுகளில் அவதூறும் அடங்கும். தெரிந்தே சொன்ன பொய் என்றால் காப்பீட்டு நிறுவனம் விலகப் பார்க்கும். வீடியோ விஷயத்தில் அந்த ஆபத்து இருக்கிறது.

நெல்லைத்தம்பி:

குழுவின் நிர்வாகியையும் சேர்த்து இழுக்கலாமே? அவர் நியூஜெர்சிக்காரராக இருந்தால் வழக்கு நியூஜெர்சிக்கு வந்துவிடாதா?

ஆலமரத்தடி:

வராது தம்பி. மற்றவர் எழுதியதற்குத் தளமோ, அதை நடத்துபவரோ பொறுப்பில்லை என்று 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 230 சொல்கிறது. நிர்வாகி தானே ஏதாவது சேர்த்து எழுதியிருந்தால் அது வேறு. மேலும், நிர்வாகியின் மீது நியூஜெர்சிக்கு அதிகாரம் இருப்பது, அந்த அண்ணன் மீதும் அதிகாரம் கொடுத்துவிடாது. ஒவ்வொரு பிரதிவாதிக்கும் தனித்தனியாகப் பார்ப்பார்கள்.

தாமிரபரணி அம்மா, பயணத்தைப் பற்றி உங்களுக்கு இருக்கும் கவலைக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மாதாமாதம் டெக்சாஸ் போக வேண்டியதில்லை. ஆரம்ப மனுக்கள் எல்லாம் வக்கீல் வேலை, உங்கள் சான்று பிரமாணப் பத்திரமாகப் போகும். நேரில் வர வேண்டியது வாக்குமூலத்துக்கும் விசாரணைக்கும். அதுவரை போகாமலே பல வழக்குகள் முடிந்துவிடுகின்றன. டெக்சாஸில் போட்டாலும், உங்கள் நற்பெயர் கெட்டது நியூஜெர்சியில் என்பதால் அவதூறின் சாராம்சத்துக்கு நியூஜெர்சிச் சட்டத்தைப் பொருத்திப் பார்க்க இடம் உண்டு. எந்த ஊர் நீதிமன்றம், எந்த ஊர்ச் சட்டம் என்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். அதை அங்கே அமர்த்தும் வக்கீலிடம் முதல் நாளே பேசுங்கள். நான் டெக்சாஸில் உரிமம் பெற்றவன் இல்லை, அதனால் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தாமிரபரணி:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

டெக்சாஸில்தான் போட்டேன். முதலில் வேப்பம்பூ சொன்ன மாதிரி கடிதம் போனது. பதில் இல்லை, வீடியோவை மட்டும் இரண்டு நாள் மறைத்து வைத்துவிட்டு மறுபடி திறந்துவிட்டார். மறைத்ததையும் திறந்ததையும் தேதியோடு பிடித்து வைத்திருக்கிறேன். வக்கீலிடம் குடியுரிமை விஷயத்தை நானே முதலில் சொன்னேன், அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்தேன். உன் செய்தியை நீதிமன்றத்தில் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லாமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "கொடுங்க அக்கா, நானும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றாள்.

முதல் பதிவின் ஒரு வருடம் முடிய மூன்று வாரம் மீதி இருக்கும்போது, அவர் குடியிருக்கும் காலின் கவுண்டியில் வழக்குத் தாக்கல் ஆனது. போன வெள்ளிக்கிழமை சம்மன் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆன்டி-ஸ்லாப் மனுப் போட அவருக்கு இருக்கும் அறுபது நாளில் இன்று நான்காவது நாள்.